பெரியம்மா வீட்டு ஆண் பிள்ளைகள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பேருந்தில் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஐம்பதுக்குப் பிறகு முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி முதுகைத் தடவிவிட்டு, உப்பில் ஊறிக் காய்ந்த ஒரு பழத்தை என் உள்ளங்கையில் வைத்தார். நம் ஊர் இலந்தை வடையின் புளிப்பு. மலாயில் ஏதோ கேட்டார். நான் விழித்ததைப் பார்த்துத் தமிழ்க் கண்டக்டர் உதவிக்கு வந்தார்.

"எத்தன மாசம்னு கேக்குறாங்க."

"ஐயோ, அதெல்லாம் இல்லை."

அவர் மொழிபெயர்த்தார். பெண்மணி என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். கண்டக்டர் சிரித்தார். "அப்ப பயந்தான்றாங்க. பயத்துக்கும் வாந்தி வருமாம்."

உண்மைதான். இரண்டு வயது கதிரைச் சென்னையில் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் அவனுக்கு மாதாந்திர ஊசி போட்டிருந்தது. "தந்தி வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம்" என்று கணவர் சொல்லியிருந்தார். தந்தி வழியில் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று விமானத்தில் ஏறிய பிறகுதான் எனக்குத் தோன்றியது.

கதிர் ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தான். அதன்பின் காதில் சீழ், பிறகு நெஞ்சுச் சளி. ஒன்றரை வயதுக்குள் மூன்று முறை நிமோனியா. கடைசியில் ஒரு பெண் டாக்டர் அவன் இரத்தத்தைப் புதிய வகையில் சோதிக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று என்னை உட்காரவைத்து ஒரு தாளில் வரைந்து காட்டினார். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள், ஆனால் இது என் பாடப் புத்தகத்தில் இல்லை.

ஒரு கிருமி உடம்புக்குள் வந்ததும் சில வெள்ளணுக்கள் எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கும். முதலில் வருவது ஒரே வகைதான். உருவத்தில் பெரியது, இரத்தக் குழாயை விட்டு அதிகம் வெளியே போகாது. அதற்கு 'எம்' என்று பெயர். சில நாட்களில் துணை அணுக்களிடமிருந்து சமிக்ஞை வரும். வந்ததும் அதே வெள்ளணு, அதே கிருமியைக் குறிவைத்தபடியே, வேறு வகைப் பொருளைச் செய்யத் தொடங்கும். திசுக்களுக்குள் ஊறிச் செல்லும் 'ஜி' ஆகலாம். எச்சிலிலும் தாய்ப்பாலிலும் காவல் நிற்கும் 'ஏ' ஆகலாம். எதுவாக மாறுவது என்பதிலும் சமிக்ஞைக்குப் பங்கு உண்டு. கதிரின் இரத்தத்தில் முதல் வகை மட்டும் குவிந்து கிடந்தது. மற்றவை இல்லை என்றே சொல்லலாம். சமிக்ஞை வரவில்லையா, வந்தும் அணுக்கள் கேட்கவில்லையா என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார்.

"பிறகு ஆறு மாதம் எப்படி நன்றாக இருந்தான்?" என்று கேட்டேன்.

"உங்களுடைய 'ஜி' கருவிலேயே அவனுக்குள் போயிருந்தது. அது தீர்ந்துவிட்டது. இனி மாதாமாதம் ஊசியில்தான் கொடுக்க வேண்டும்."

அன்று இரவு, நான் கொடுத்து அனுப்பியது தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன் என்று தோன்றியது. அது என் தவறில்லை என்று தெரிந்தும் தோன்றியது.

இந்த நோய் சில குடும்பங்களில் தாய் வழியாக வரும்; தாய்க்கும் மகள்களுக்கும் ஒன்றும் செய்யாது, மகன்களில் பாதிப் பேரைத் தாக்கும். "உங்கள் அம்மா வழியில் சின்ன வயதில் இறந்த ஆண் பிள்ளைகள் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். எனக்கு ஓர் அண்ணன் பிறந்து ஒரு வயதில் மாந்தத்தில் போய்விட்டதாக அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மா இப்போது இல்லை. அவள் பிறந்தது இந்த மலைத் தேயிலைத் தோட்டத்தில். கல்யாணமாகித் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறியவள். அவளுடைய ஒரே அக்கா, என் பெரியம்மா, இன்னும் தோட்டத்தில்தான் இருந்தாள். இரண்டு கடிதங்கள் எழுதினேன். வேறு யாரோ எழுதிக் கொடுத்த பதில் வந்தது: 'அனைவரும் நலம். பழையதைக் கிளற வேண்டாம்.' அதனால்தான் நேரில் வந்தேன்.

டாக்டர் கொடுத்த வழிமுறைப்படி ஒரு நோட்டில் குடும்பப் படம் வரைய வேண்டும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் கண்டவர்களின் கட்டத்தில் கறுப்பு பூச வேண்டும். கதிரின் கட்டத்துக்கு நான் இன்னும் மை பூசவில்லை. பென்சிலால் லேசாகத் தீட்டியிருந்தேன்.

முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் அச்சு முறிந்து நின்றதால் பேருந்தும் ஒரு மணி நேரம் நின்றது. சென்னையாக இருந்தால் பாதி பயணிகள் இறங்கி டிரைவருக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் தூங்கினார்கள். பிரிஞ்சாங் வந்தபோது மழைச்சாரல். கணவரின் ஸ்வெட்டர் எனக்கு முழங்கால் வரை வந்தது. சந்தைக்கு எதிரே தோட்டத்து லாரியில் சாய்ந்தபடி முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார்.

"சின்னம்மா மவதானே? நான் முத்தையா. மூக்க பாத்தாலே தெரியுது லா. ஏறு, ஏறு. அம்மா காலையிலேருந்து அடுப்புகிட்டயே நிக்குது."

பெரியம்மாவின் மகன். பேச்சில் மலாய்க்காரர்களின் 'லா' ஒட்டியிருந்தது. அகன்ற தோள்கள், காட்டு மரம் போன்ற கைகள். நான் முதலில் பார்த்தது அவருடைய காதுகளைத்தான்.

தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பெரியம்மா என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சோறும் நெத்திலி சம்பலும் வைத்தாள். கண்ணில் நீர் வரும் காரம், நடுவே ஓர் இனிப்பு. சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை இருக்க, வீட்டில் கொடுத்தது தூள் தேநீர், டப்பாப் பால் ஊற்றி, சர்க்கரைப் பாகு போல. நல்ல இலையெல்லாம் கப்பலில் போய்விடுகிறதாம்.

பெரியம்மாவின் மகள் செல்வி என்னைவிட மூன்று வயது சிறியவள். கணவன் கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டத்தில் வேலை, ஞாயிறுதோறும் வருவான். அவள் மடியில் ஒரு குழந்தை இருந்தது. எனக்கு யாரும் எழுதவில்லை.

"சரவணன், அக்கா. அஞ்சு மாசம். இந்த வரிசையிலயே இவந்தான் குண்டு."

ஆண் பிள்ளை. ஐந்து மாதம். நான் கையை நீட்டி வாங்கினேன். அந்த வயதில் கதிர் இருந்த அதே எடை.

மறுநாள் விடிந்ததும் செல்வியோடு பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலைக்கு முன் எல்லோரும் வரிசையில் நிற்கும் இடம். வேலையை மேற்பார்க்கும் கங்காணி பேர் கூப்பிட்டு, இன்று யாருக்குக் கொழுந்து, யாருக்குக் களை, யாருக்குச் செடியைக் கழித்துவிடும் கவ்வாத்து என்று சொல்கிறார். சொன்ன வேலைக்கு ஏற்ற கருவியை எடுத்துக்கொண்டு சரிவுகளில் ஏறிவிடுகிறார்கள். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுச் செல்வியும் போனாள். இங்கே கையால் கிள்ளுவது குறைந்துவிட்டது. பெட்டி பொருத்திய பெரிய கத்தரிக்கோலால் கொழுந்தை வெட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு முடி திருத்துவது போல இருந்தது. நான் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து சரவணன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸ் பையன் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் தந்தியோ என்று எழுந்தேன்.

மத்தியானம் பெரியம்மா நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருக்கையில் கேட்டேன்.

"பெரியம்மா, முத்தையா அண்ணனுக்கு முன்னாடி உங்களுக்குப் பிள்ளைங்க இருந்தாங்களா?"

"இருந்துச்சு."

"பையன்களா?"

"ஜப்பான்காரன் போன சமயம்டி. மரவள்ளிக்கெழங்க தவுர ஒண்ணுங் கெடையாது. எல்லா வீட்டுலயுந்தான் போச்சு. காய்ச்சலு."

"எத்தனை பேர் பெரியம்மா?"

"செத்தத எண்ணக் கூடாது." முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முத்தையா அண்ணனிடம் கேட்கலாம் என்று காத்திருந்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அவரை "டேய் தவிட்டா" என்று கூப்பிட்டார். "அது என்ன பேர்?" என்றேன்.

"என்னத் தவுட்டுக்கு வாங்குனாங்களாம் லா. வெலை கம்மி, அதான் இப்புடி ஒழைக்கிறேன்," என்று சிரித்தார்.

எனக்குப் புரிந்தது என்று நினைத்தேன். சென்னையில் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அப்படி உண்டு. முன் பிறந்தவை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைப் பெற்றதும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, முறத்தில் தவிடு அளந்து கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அது தங்கள் பிள்ளை இல்லை என்று எமனை ஏமாற்றும் சடங்கு. அண்ணனுக்குச் சின்ன வயதில் காது வடிந்ததா, நெஞ்சு கட்டியதா என்று கேட்டேன். "எனக்கா? பல்லுவலி கூட வந்ததில்ல," என்றார். பெரியம்மா வட்டத்திலிருந்து ஒரு கோடு இழுத்து அவருக்கு ஒரு வெள்ளைக் கட்டம் போட்டேன். ஒரே ஒரு ஆரோக்கியமான மகன் இருப்பதால் மட்டும் ஒன்றும் நிரூபணமாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பஞ்சத்தில் சிலர் போனார்கள், பஞ்சம் முடிந்ததும் பிறந்தவர் பிழைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அப்படியானால் நோய் கதிரோடு தொடங்கியது. செல்வி குழந்தைக்கு ஒன்றும் இல்லை. நான் அந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் சரவணன் இருமினான். சாதாரண இருமல்தான். நான் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டதைச் செல்வி பார்த்துவிட்டாள்.

"என்னாக்கா, வந்ததுலேருந்து எம்புள்ளய டாக்டர் மாதிரியே பாக்குறீங்க? கண்ணு கிண்ணு பட்ருமோ?"

சொல்லிவிட்டேன். கதிரைப் பற்றி எல்லாவற்றையும். வகை மாறுவது அவளுக்கு விளங்க, பெரட்டைத்தான் உதாரணம் காட்டினேன். "ஆள் அதே ஆள்தான் செல்வி. கையில் கத்தரியா, மண்வெட்டியா என்று கங்காணி சொல்லித்தான் மாற்றுகிறீர்கள். அவர் குரல் வராத நாளில் எல்லோரும் முதல் நாள் எடுத்த கருவியோடே நின்றால் எப்படி?"

"அப்ப ஒங்க மவனுக்கு கங்காணி லீவுல போயிட்டாரா?" என்று சிரித்தாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா." சிறிது நேரம் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பிரித்து மூடினாள். "எம்புள்ளைக்கும் இருக்குமா?"

அங்கேதான் நான் தவறு செய்தேன். "இருக்காது. முத்தையா அண்ணனைப் பார், எவ்வளவு திடமாக இருக்கிறார். நம் வழியில் இருந்தால் அவருக்கும் வந்திருக்கலாம். இது வெறும் சளிதான்," என்றேன். அவளுக்குச் சொன்னதைவிட எனக்கே சொல்லிக்கொண்டேன். செல்வி நிம்மதியாகி, கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரியை உப்பு மிளகாய் தொட்டுத் தின்னக் கொடுத்தாள். பின்கதவருகே பெரியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுபோனதைப் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. பல் வலிக்கிறது என்றாள்.

நான்காம் நாள் காலை முத்தையா அண்ணன் ஈப்போவுக்குத் தேயிலைப் பெட்டிகளை இறக்கப் போக வேண்டும். லாரியின் முன்சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் செல்வியும் வாசலில் நின்றோம். பெரட்டுக்குச் சங்கு ஊதியும் போகாத பெரியம்மா, தலையில் துண்டைக் கட்டியபடி நேராக லாரி அருகே வந்தாள்.

"முத்தையா, நிமிந்து பாரு. இவ நோட்டுல ஒன்ன என் வயித்துல பொறந்தவன்னு எழுதி வச்சிருக்கா. அத வச்சுத்தான் செல்வி புள்ளைக்கு ஒண்ணுமில்லேங்குறா. அது தப்பு."

அண்ணன் நிமிர்ந்தார்.

"நீ மேட்டு லயத்துல பொறந்தவன். ஒன்னப் பெத்தவ பிரசவத்துலயே போயிட்டா. ஒங்கப்பன் ஊருக்குக் கப்பலேறப் போறேன்னான். சும்மா குடுக்கக் கூடாது, சாஸ்திரத்துக்கு ஒரு மொறம் தவுடு குடுன்னான். இந்த மலையில தவுட்டுக்கு எங்க போறது? கோழித் தீவனத்த அள்ளிக் குடுத்தேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "செல்விக்கு முன்னாடி எனக்குப் பொறந்தது மூணு. மூணும் ஆம்பளப் புள்ள. ஆறு மாசம் வரைக்கும் குண்டா இருக்கும். அப்பறம் காது, அப்பறம் நெஞ்சு. மூணும் ஒரே மாதிரி. மூணாவது பஞ்சத்துல போவல. அப்ப அரிசி இருந்துச்சு. போதுமா? எழுதிக்க."

லாரி இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருடமாக அவள் எதற்காக எண்ண மறுத்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் பிள்ளைகளை எண்ணினால் முத்தையாவை அந்த எண்ணிக்கைக்கு வெளியே நிறுத்த வேண்டும். என் நோட்டு அதைச் செய்ய வைத்துவிட்டது. திரும்பிப் போய்விடலாமா, வந்திருக்கவே கூடாதா என்று நினைத்தேன். செல்வி தோளில் குழந்தை மறுபடியும் இருமியது.

முத்தையா அண்ணன் கைகளை அழுக்குத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"செல்வி, புள்ளைக்கு ரெண்டு சட்டையா போடு. வழியெல்லாம் குளுரும். ஏழரைக்கு எறங்குனாத்தான் பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர பாக்க முடியும்." பிறகு பெரியம்மாவிடம், "ஏறும்மா. ஒன்ன வுட்டுட்டுப் போனா அங்க யாரு வெவரம் சொல்றது?" என்றார்.

முன் இருக்கையில் நாங்கள் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். இறங்கும் வழியில் நான் வாந்தி எடுக்கவில்லை. பெரியம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, "பேரையும் போட்டுக்க," என்றாள். "மூத்தவன் சின்னையா. ரெண்டாவது காளியப்பன். மூணாவதுக்கு வைக்கல. வச்சா போயிரும்னு பயந்துகிட்டு வைக்கல." லாரி குலுங்கியதில் என் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

பாதி வழியில், அருவிக்கு எதிரே ஒரு கடையில் அண்ணன் லாரியை நிறுத்தினார். இலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறும் தேநீரும் வந்தன. அவர் தன் கிளாஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா பேரு என்னம்மா?"

"வேலு."

"எந்த ஊராம்?"

"சேலம் பக்கம்னு சொன்னான்டா. அதுக்கு மேல நான் கேக்கல. கேட்டா திருப்பிக் கேப்பானோன்னு பயம்."

அவர் தலையாட்டினார். அருவிப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஒரு மொறந்தானா? அதுவும் கோழித் தீவனம். ரெண்டு மொறமாச்சும் குடுத்திருக்கலாம் லா."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை. "டீ ஆறுது, குடிங்க," என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து போய் டயரைத் தட்டிப் பார்த்தார்.

ஈப்போவில் ஒரு சீன டாக்டர் கதிரின் அறிக்கையை இரண்டு முறை படித்தார். பெரியம்மா சொன்னதை முத்தையா அண்ணன் மலாயில் சொன்னார்: மூன்று பிள்ளைகள், ஆறு மாதம், காது, நெஞ்சு. 'என் அம்மாவின் மூன்று பிள்ளைகள்' என்றுதான் சொன்னார் என்று செல்வி எனக்குப் பிறகு சொன்னாள். டாக்டர் குழந்தையின் இரத்தத்தை எடுத்தார். இப்போது அதில் தாயின் 'ஜி' கலந்திருக்கும், முடிவாக ஒன்றும் சொல்ல முடியாது. குழந்தைக்கு எட்டு மாதம் ஆனதும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான். இதற்கா ஒருவரிடமிருந்து இத்தனையைப் பறித்தேன் என்று இருந்தது.

தந்தி எதுவும் வரவில்லை. ஐந்தாம் நாள் அண்ணனே என்னைப் பிரிஞ்சாங்கில் பேருந்து ஏற்றினார். கணவருக்கு ஒரு பொட்டலம் தேயிலை, எனக்கு ஒரு பொட்டலம் அந்தப் புளிப்புப் பழம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வளைவுல முன்னாடியே பாத்துகிட்டு ஒக்காரு, வாந்தி வராது," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நான்கு மாதம் கழித்து அவர் கையெழுத்தில் கடிதம் வந்தது. சரவணனுக்கும் அதேதான். முதல் வகை குவிந்திருக்கிறது, அடுத்தது இல்லை. காது ஒரு முறை வடிந்தது, அன்றைக்கே மருந்து கொடுத்துவிட்டார்கள். நெஞ்சுச் சளி இன்னும் பிடிக்கவில்லை. மாதம் ஒரு முறை ஊசிக்கு ஈப்போ போகிறார்கள். பெட்டி இறக்கும் நாளையும் ஊசி நாளையும் ஒன்றாக வைத்துத்தரச் சொல்லித் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் பேசியிருக்கிறார். 'அம்மா நலம். இப்போது என்னைத் தவிட்டான் என்று யாராவது கூப்பிட்டால் அதுக்குக் கோபம் வருது' என்று முடித்திருந்தார்.

அடுத்த ஊசிக்குக் கதிரைக் கூட்டிப் போனபோது நோட்டையும் கொண்டுபோனேன். டாக்டர் கறுப்புக் கட்டங்களை வரிசையாகப் பார்த்தார். சின்னையா, காளியப்பன், பெயர் வைக்காதது, என் அண்ணன், கதிர், சரவணன். கதிருடையதையும் மையால் பூசியிருந்தேன். பென்சில் முனை சரவணனுக்கு மேல் வரிசையில், முத்தையா அண்ணனின் வெள்ளைக் கட்டத்தில் நின்றது. அதற்கு மேலே ரப்பரால் தேய்த்த கோட்டின் தடம் தெரிந்தது.

"இவர் இரத்த உறவு இல்லையே? இதை அடித்துவிடலாமா?"

"வேண்டாம், டாக்டர். சரவணன் கட்டம் மட்டும்தான் நோய் முற்றுவதற்கு முன்னால் கறுத்தது. மற்றவையெல்லாம் முற்றிய பிறகு, இல்லையென்றால் இறந்த பிறகு. உண்மை தெரிந்த அன்றே அவனை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இவரால்தான் அது."

டாக்டர் பென்சிலை அந்தக் கட்டத்திலிருந்து விலக்கிவிட்டு, கதிரின் சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னார்.